61 நாள் கணக்கு

மே மாதத்தில் கடலூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வஞ்சிரம் வறுவல் ஆசையை வீட்டிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் அரசாங்கத் தடை. முதுநகர் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்சநஞ்சத்துக்கும் விலையைக் கேட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

என் அக்கா வீட்டுக்காரர் அங்கே படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்கிறவர். படகு நின்றால் ஐஸ் நின்றது. ஐஸ் நின்றால் கல்லா நின்றது. அதனால் மகளைப் பற்றி அவருக்கு ஒரே லட்சியம்தான். ‘எம் பொண்ணு டாக்டராவணும். கடலை நம்பி இருக்கக் கூடாது.’

மகள் ப்ளஸ் டூவில் பயோ-மேக்ஸ் குரூப் முடித்தவள். போன மே மாதம் ஒரு காலை என்னோடு துறைமுகத்துக்கு வந்தாள். கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“மாமா, அது ஏன் 61 நாள்? 2001-ல ஆரம்பிச்சப்ப 45 நாள்தான். 2017-ல 61 ஆக்கினாங்க. 45 பத்தலைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஏன் 70 இல்லை?”

நான் பி.காம். ‘மீன்தான் அசல், பிடிக்கிறது வட்டி. முட்டையிடற நேரத்துல பிடிச்சா அசல்ல கை வைக்கிற மாதிரி’ என்று சமாளித்தேன். “சரி மாமா, வட்டி எத்தனை பர்சன்ட்?” என்றாள். நான் டீக்கடை பக்கம் நடையைக் கட்டினேன்.

அன்று ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. இன்னொரு வருஷம் நீட் எழுதுவதா, இன்ஜினீயரிங்கா? நடுவில் அவள் மெதுவாகச் சொன்னாள்: “பயாலஜி, மேக்ஸ் ரெண்டையும் சேர்த்து ஒரே டிகிரியா படிக்க முடியாதா?”

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இட்லிக்கு ஐஸ்கிரீம் தொட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு ஜோக் வேறு.

நம்மூரில் பயோ-மேக்ஸ் என்பது என்ன? உங்களுக்குத் தெரியாததா? அது ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி. டாக்டர் சீட் கிடைக்கவில்லையா, இன்ஜினீயரிங் இருக்கிறது. இரண்டு வருஷம் இரண்டு பாடமும் ஒரே பையில் பள்ளிக்கூடம் போய் வருகின்றன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, ஒரே காம்பவுண்டில் குடியிருந்தும் முகம் கொடுக்காத அண்ணன் தம்பி மாதிரி. ப்ளஸ் டூ முடிந்ததும் பாகப்பிரிவினை.

அவளுக்குக் கோபம். உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பரிணாமப் பாடம். ஹார்டி-வீன்பெர்க் கொள்கை. “இந்த ஃபார்முலாவைப் பாருங்க மாமா. நம்ம ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்தான் இது!”

நிஜமாகவே அதுதான். ஓங்கிய குணம் ஒன்று தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக் கடைசியில் எல்லோரையும் பிடித்துக்கொள்ளாதா என்று ஒரு குழப்பம் இருந்தது. வெளியிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் விகிதம் அப்படியேதான் இருக்கும் என்று 1908-ல் பள்ளிக்கூட அல்ஜீப்ராவை வைத்தே காட்டினார் ஹார்டி. ஆமாம், நம் கும்பகோணத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி. அதே வருஷம் அதையே தனியாகக் கண்டுபிடித்த வீன்பெர்க், ஜெர்மனியில் ஒரு டாக்டர். ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு டாக்டரும் ஒரே வரியில் இருக்கிறார்கள். நாம்தான் அதைப் பார்க்காமல் மனப்பாடம் செய்கிறோம்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பி.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். நேரே போனால் அண்ணாமலை நகர். 1929-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷமே அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-ல் நிரூபித்தவர். 1950-ல் அமெரிக்கா போகிற வழியில் எகிப்தில் விமான விபத்தில் இறந்துபோனார். கணக்கு அண்ணாமலை நகரில், மீன் பரங்கிப்பேட்டையில். நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்தான்.

அந்தத் தூரத்தை ஒரு குடும்பம் கடந்த கதை உண்டு. இத்தாலியில் டி’அன்கோனா என்று ஒரு மீன் ஆராய்ச்சியாளர். முதல் உலகப் போர் சமயத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்துபோனது. சந்தைக் கணக்கைப் புரட்டியவருக்கு ஆச்சரியம். ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை வகையறா 1914-ல் 11.9 சதவீதம். 1918-ல் 36.4. போர் முடிந்து படகுகள் மறுபடி போனதும் 1923-ல் 10.7. பிடிப்பதை நிறுத்தினால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? சுறாவுக்கு மட்டும் என்ன யோகம்?

விடை தெரியாமல் வருங்கால மாமனாரிடம் போனார். மாமனார் வோல்டெர்ரா பெரிய கணித மேதை. தின்னும் மீன், தின்னப்படும் மீன் என்று இரண்டே இரண்டு சமன்பாடு எழுதினார். அளவாக வலை வீசும்போது சின்ன மீனுக்குச் சராசரியில் லாபம், சுறாவுக்கு நஷ்டம். வலையை நிறுத்தினால் தலைகீழ். 1926-ல் வெளியான இந்தக் கணக்கை வங்கக் கடலில் அப்படியே பொருத்த முடியாதுதான். இங்கே நூற்றுக்கணக்கான வகை மீன். ஆனால் வழி பிறந்தது அங்கேதான். மாப்பிள்ளை மட்டும் இருந்தால் கேள்வியோடு நின்றிருக்கும். மாமனார் மட்டும் இருந்தால் கேள்வியே வந்திருக்காது.

இன்று வழி இல்லாமல் இல்லை. 2006-ல் புணேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, பிறகு திருவனந்தபுரம், திருப்பதி என்று வந்த ஐசர் நிறுவனங்கள் ஆரம்பத்தில் எல்லோரும் கணிதம், உயிரியல் இரண்டையும் படித்தாக வேண்டும் என்ற திட்டத்தோடு வந்தவை. 2011-ல் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் அப்படி ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. நுழைவது சுலபமில்லை. 2022-ல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதித்துவிட்டது. உள்ளூர்க் காலேஜில் விலங்கியல், தபாலில் கணிதம் என்றுகூடப் படிக்கலாம். ஆனால் ஒன்று. இரண்டு பட்டம் வாங்கினால் இரண்டும் சேர்ந்துவிடாது. பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வேறு, சேர்ப்பது வேறு. சேர்ப்பதற்கு ஒரு கேள்வி வேண்டும். அது இவளிடம் இருக்கிறது.

ராத்திரி இதையெல்லாம் அவள் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி மச்சான். வேலை?”

நியாயமான கேள்வி. இரண்டு மாசம் கல்லா திறக்காதவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? எந்தக் கடற்கரையில் எவ்வளவு மீன் இறங்குகிறது, கடலில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல 1947-லிருந்தே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது என்றேன். அது சம்பள வேலைதான். டாக்டர் மாதிரி வீட்டு வாசலில் போர்டு மாட்ட முடியாது, சீக்கிரம் கிடைக்கவும் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்:

“ஏம்மா, அந்தக் கணக்குப் போட்டா, 61 நாள் சரியா தப்பான்னு நீ சொல்லிடுவியா?”

“இப்ப சொல்ல முடியாதுப்பா. படிச்சாத்தான்.”

அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.