நாலைக் காணோம்!

அண்டா நிறையச் சாம்பார் வைத்தாலும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தால் உப்புத் தெரிந்துவிடும், இல்லையா? அந்த நம்பிக்கையில்தான் நான் ஏமாந்தேன்!

2023 டிசம்பர். எங்கள் சமையல் இணைப்பின் 64 பக்கங்களும் அச்சுக்குத் தயாராக, பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப். கோப்பாக இருந்தன. அடியில் 2023 என்றிருந்ததை 2024 ஆக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறப்பானேன்? அத்தனையையும் ஒரே கட்டளையில் மாற்றினேன். 4-ஆம் பக்கத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

சற்றைக்கெல்லாம் அச்சகத்துப் பெரியவரிடமிருந்து டெலிபோன். "ஏம்மா, பல பக்கத்திலே வருஷம் 202-ஓட நின்னு போச்சே! பிளேட் போட்டுடலாமா?"

பகீரென்றது! விஷயம் இதுதான்: இத்தகைய கோப்பு, எழுத்துரு முழுவதையும் பெரும்பாலும் சுமந்து வருவதில்லை; அதில் வரும் எழுத்துக்களை மட்டுமே மூட்டை கட்டிக்கொள்ளும். 4 இல்லாத பக்கத்துக்கு 4 எங்கிருந்து வரும்? நான் பார்த்ததோ 4-ஆம் பக்கம்!

மூலப் பிரதியில் வருஷத்தைத் திருத்தி, எல்லாப் பக்கங்களையும் புதிதாக எடுத்தோம். இரவு வெகு நேரமாகிவிட்டது. பெரியவர் மட்டும் பார்த்திராவிட்டால் அத்தனை காகிதமும் பாழ்!

சகோதரிகளே, 64 பக்கம் என்பது ஓர் அண்டா அல்ல, 64 கிண்ணங்கள். உப்பை ஒரே கையால் போடலாம். ருசியை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்!