பவளத்துக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு?

மதுரையில கடல் கிடையாது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போகணும்னா பஸ்ல பாதி நாள் போயிரும். இந்த ஊர்ல வீட்டு ஹால்ல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சு, உப்புத்தண்ணி நிரப்பி, அதுல பவளம் வளர்க்கணும்னு ஆசைப்பட்டவர் எங்க பெரிய மாமா. இருபது வருஷத்துக்கு மேல ஷார்ஜாவுல ஏ.சி. மெக்கானிக்கா இருந்தவரு. அங்க தங்கியிருந்த ரூம்ல சின்னதா ஒரு பவளத் தொட்டி வச்சிருந்தாரு. நைட்டு வேலை முடிஞ்சு வந்தா பேச்சுத் துணைக்கு அதுதானாம். ஊருக்குத் திரும்பும்போது அதை யாருக்கோ கொடுத்துட்டு வந்துட்டாரு.

அண்ணா நகர் வீட்டுல தொட்டி, பம்ப், பாறை, தண்ணியைக் குளிரவைக்கிற சில்லர் எல்லாம் செட் பண்ணிட்டு ஒருநாள் போன் பண்ணாரு. "பாப்பா, நீ ஈ.சி.இ. தானே? பவளத் தொட்டி லைட்டு ஒண்ணுக்கு முப்பதாயிரம் சொல்றான். நீயே ஒண்ணு பண்ணிக் குடேன்."

ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு நான் டாப்பிக் தேடிட்டிருந்த நேரம் அது. ஸ்மார்ட் டஸ்ட்பின்னை ஏற்கெனவே மூணு டீம் எடுத்தாச்சு. சரின்னு ஒத்துக்கிட்டேன். ஒரு லைட்டு, ஒரு டைமர், ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்னு கணக்கு. முடிக்க நாலு மாசம் ஆச்சு.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம், பவளத்துக்கு வெளிச்சம் அலங்காரம் இல்ல, சாப்பாடு. பவளம் செடி இல்ல, விலங்கு. ஆனா அதோட சதைக்குள்ள சூசாந்தெல்லேன்னு ஒரு செல் பாசிகள் குடியிருக்கு. அதுங்க ஒளிச்சேர்க்கை பண்ணி உண்டாக்குற சர்க்கரையில பெரும்பங்கு பவளத்துக்குப் போகுது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில 90 சதவீதம் வரைக்கும் இப்படித்தான் கிடைக்குது. அப்படின்னா லைட் டிசைன் பண்றதுங்கிறது ஒரு மெஸ்ஸுக்கு மெனு போடற மாதிரி. என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை மணிக்குங்கிற மூணு கேள்விதான்.

என்ன சாப்பாடுங்கிறது நிறம். பல்பு வாங்கும்போது நாம லூமென் பார்க்கிறோம். லூமென் மனுஷக் கண்ணுக்காக வச்ச அளவு. நம்ம கண்ணுக்குப் பச்சை வெளிச்சம், சுமார் 555 நானோமீட்டர், ரொம்பப் பிரகாசமாத் தெரியும். பாசிக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. அதுக்கு வேண்டியது முக்கியமா நீலம், 420-லிருந்து 480 நானோமீட்டர் வரைக்கும். காரணம் கடல். தண்ணி சிவப்பு வெளிச்சத்தை மேல சில மீட்டர்லேயே உறிஞ்சிரும். தெளிவான கடல்ல ஆழம் வரைக்கும் இறங்குறது நீலம்தான். அந்த நீலத்துக்குப் பழகின உயிர் அது. அதனாலதான் பவளத் தொட்டிங்க எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி நீலமா மின்னுது. நான் போட்டது 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ எல்.இ.டி. அதிகமா, கூடக் கொஞ்சம் வெள்ளை. வெள்ளை பவளத்துக்காக இல்ல, மாமா கண்ணுக்காக.

எவ்வளவுங்கிறதுக்கு அளவு பி.ஏ.ஆர். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுற 400-லிருந்து 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளித்துகள், ஒரு சதுர மீட்டர்ல ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுதுன்னு கணக்கு. உச்சி வெயில் சுமார் 2000. தொட்டி வைக்கிறவங்க பொதுவா மென்பவளத்துக்கு 50-லிருந்து 100, கிளை கிளையா வளருற அக்ரோபோரா மாதிரியான கல் பவளத்துக்கு 250-க்கு மேலன்னு வச்சுக்கிறாங்க. நடுவுல 150-ஐ எடுத்துக்கிட்டேன். இதை அளக்குற மீட்டர் விலை அதிகம். விவசாயக் கல்லூரியில படிக்கிற ஒரு அக்கா மூலமா ஒண்ணு ஒருநாள் இரவல் கிடைச்சது. லேப்ல லைட்டைத் தொங்கவிட்டு அளந்தா, 15 சென்டிமீட்டர் கீழ 300, 45 சென்டிமீட்டர் கீழ 100 பக்கம். ஒரே தொட்டிக்குள்ள மூணு மடங்கு வித்தியாசம். அதனால பவளத்தை எந்தத் தட்டுல வைக்கிறோங்கிறதும் லைட் டிசைன்ல சேர்த்திதான்.

இன்னொண்ணு, கண்ணை நம்பக் கூடாது. பி.டபிள்யூ.எம்.மை 20 சதவீதத்துக்குக் குறைச்சாலும் நம்ம கண்ணுக்கு வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதி இருக்கிற மாதிரிதான் தெரியும். பாசிக்குக் கிடைக்கிறது என்னவோ அஞ்சுல ஒரு பங்குதான்.

இப்ப எத்தனை மணிக்கு? மதுரையில வருஷம் பூரா பகல் பதினொன்றரை மணிநேரத்துக்கும் பன்னிரண்டே முக்கால் மணிநேரத்துக்கும் நடுவுலதான் இருக்கும். அப்படியே 12 மணிநேரம் முழு வெளிச்சம் கொடுத்தா என்னன்னு தோணும். சூரியன் அப்படிக் கொடுக்கிறதில்ல. காலையில மெதுவா ஏறி, மதியம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்குது. அதனால ஏத்தம், சமம், இறக்கம்னு ஒரு சரிவகம் வரைஞ்சேன். மதியம் 2-லிருந்து 4 வரைக்கும் ஏத்தம், 4-லிருந்து ராத்திரி 9 வரைக்கும் முழு அளவு, 9-லிருந்து 11 வரைக்கும் இறக்கம். ஏத்தமும் இறக்கமும் ஆளுக்கு ஒரு மணிநேர முழு வெளிச்சத்துக்குச் சமம். மொத்தம் 7 மணிநேரம். 150-ஐ 7-ஆலயும் 3600-ஆலயும் பெருக்கினா ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3.8 மோல்.

காலையில ஏன் ஆரம்பிக்கலைன்னு ரிவ்யூல கேட்டாங்க. மே மாசம் மதுரையில மதியம் 38, 40 டிகிரி. தொட்டித் தண்ணி 26 பக்கத்துலயே நிக்கணும். சில்லர் திணறுற அந்த நேரத்துலேயே லைட்டோட சூட்டையும் ஏத்துறது கரண்ட் பில்லுக்கும் பவளத்துக்கும் கெடுதல். பழைய மெட்டல் ஹாலைடு லைட்டை நான் யோசிக்கவே இல்லாததுக்கும் அதுதான் காரணம். பவளத்துக்கு நம்ம கடிகாரம் தெரியாது. நீளமும் ஒழுங்கும் மாறாம இருந்தா போதும். மாமா சாயங்காலம் டீ குடிச்சுட்டு உட்காரும்போதுதான் அதுக்கு நடுப்பகல். ராத்திரி 11-க்கு மேல முழு இருட்டு. பவளங்க முட்டையிடுற நாளை நிலா வெளிச்சத்தை வச்சுக் கணக்குப் பண்றவை. அழகுக்காக விடிய விடிய நீல பல்பு எரிய விடறது அதுங்களோட காலண்டரைக் கிழிக்கிற மாதிரி.

கரண்ட் போகும், அது நம்ம ஊர் விதி. சாதா டைமர் கரண்ட் போன நேரமெல்லாம் நின்னு, சாயங்காலத்தை நடுராத்திரிக்குத் தள்ளிரும். அதனால இ.எஸ்.பி. 32 கூட பட்டன் செல் போட்ட ஒரு ஆர்.டி.சி. சேர்த்தேன். பராமரிப்புன்னு நாள் பூரா கரண்ட் நின்னாலும் மணி தப்பாது. இது எல்லாத்துக்கும் மேல, புதுசா வர்ற பவளத்துக்கு முதல் நாளே 150 கொடுக்கக் கூடாது. பாதியில ஆரம்பிச்சு நாலு வாரத்துல ஏத்தணும். வெளிச்சமும் சூடும் ஒண்ணா எகிறினா பாசிக்குள்ள நச்சான ஆக்சிஜன் உண்டாகும். பவளம் தன் பாசியையே வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போயிரும். மன்னார் வளைகுடாவுல 2010-லயும் 2016-லயும் கோடையில நடந்தது இதுதான். அங்க யாரும் லைட்டைக் குறைக்க முடியாது, சில்லரும் கிடையாது.

லைட் தயாராச்சு. தொங்கவிட்டோம். பவளம் மட்டும்தான் பாக்கி.

அந்த வாரமே மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு ஆள் பேசினான். கடல்ல இருந்து உயிரோட எடுத்த துண்டு, பஸ்லயே வந்துரும், ஆயிரத்தைந்நூறு ரூபா. மாமா சந்தோஷமா எனக்குச் சொன்னாரு. எனக்கு அதுக்குள்ள சட்டம் தெரிஞ்சிருந்தது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத் தேடும்போது படிச்சது. பவளப்பாறை கட்டுற கல் பவளம் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஓட முதல் அட்டவணையில இருக்கு. எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. குறைஞ்சபட்சமே மூணு வருஷம் ஜெயில். வெளிநாட்டுல இருந்து கொண்டு வரணும்னாலும் கல் பவளத்துக்கு சைட்டிஸ் அனுமதி வேணும்.

"விரல் அளவு துண்டு தானே பாப்பா. கடல்ல எவ்வளவு கெடக்கு. ஷார்ஜாவுல கடைல பில் போட்டுத் தருவான்."

"இல்ல மாமா. அது வீட்டுக்குள்ள வந்தா நான் லைட்டைக் கழட்டிட்டுப் போயிருவேன்."

பத்து நாள் அவர் என்கிட்ட பேசலை. அம்மாவுக்கு என் மேல கோவம். "அந்த மனுஷனுக்கு இருக்கிறது அந்த ஒரு ஆசை. சட்டம் பேச வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா ஜெயில் பயம் மட்டும் காரணம் இல்ல. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுங்க. 1986-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு பவளத்தை வெட்டி எடுத்தாங்க. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு அடியில. குருசடைத் தீவுல, வளர்க்கக் கொண்டு வந்த கப்பாபைகஸ் பாசி பவளத்து மேல படர்ந்து, வெளிச்சத்தை மறைச்சே சாகடிச்சுது. தூத்துக்குடியில சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 2002-லிருந்து உடைஞ்ச துண்டுகளைச் சட்டத்துல கட்டி, கடலுக்கு அடியில நட்டுட்டிருக்காங்க. அவங்க ஒவ்வொரு விரல் துண்டா நட்டு வைக்கிற இடத்துல இருந்து நாம ஒரு விரல் துண்டைப் பிடுங்கிட்டு வர்றதா?

பதினோராவது நாள், ஞாயித்துக்கிழமை, மாமாவே கூப்பிட்டாரு. "அந்தச் சட்டத்தைப் படிச்சுக் காமி. தமிழ்ல சொல்லு." இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு செமஸ்டர் பேப்பரை விட அது கஷ்டம். திக்கித் திக்கிச் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துட்டே இருந்தாரு.

"அப்ப இது புலிக்குட்டி வளர்க்கிற மாதிரியா?"

"அதே அட்டவணைதான் மாமா."

சிரிச்சிட்டாரு. "புலிக்குப் போய் எல்.இ.டி. மாட்டியிருக்க பாரு."

இப்ப அந்தத் தொட்டியில ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கு. கடல்ல பிடிச்சது இல்ல, குஞ்சு பொரிச்சு வளர்த்தது. மண்டபத்துல மையம் வச்சிருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைப் பொரிப்பகத்துல பெருக்குற முறையை எப்பவோ உருவாக்கிட்டாங்க. மீனுக்கு வெளிச்சம் சாப்பாடு இல்ல. அதனால முழு அளவை 20 சதவீதத்துக்கு இறக்கி, 4-லிருந்து 10 வரைக்கும்னு மாத்திட்டேன். ஏத்த இறக்கம் மட்டும் அப்படியே இருக்கு. திடீர்னு லைட் போட்டா மீன் மிரளும். கரண்ட் பில் குறைஞ்சதுல அம்மாவும் சமாதானம்.

மாமாவுக்குப் பவளம் இல்லைங்கிற வருத்தம் போகலை. சில நாள் பழைய ஷார்ஜா போட்டோவை எடுத்து, இது சூரியக் காந்தி மாதிரி விரியும், இது ராத்திரி மூடிக்கும்னு காட்டுவாரு. நானும் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜூனியர்ஸ் யாராவது இதே ப்ராஜெக்டை எடுக்கிறதா இருந்தா, கோடும் சர்க்யூட்டும் டிபார்ட்மெண்ட் லேப்ல இருக்கு. டைமருக்கு ஆர்.டி.சி. கண்டிப்பாப் போடுங்க. லக்ஸ் ஆப்பை நம்பாதீங்க. தொட்டிக்குள்ள என்ன விடப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு, அது சட்டப்படி கிடைக்குமான்னு விசாரிச்சுட்டு, அதுக்கப்புறம் எல்.இ.டி.க்கு ஆர்டர் போடுங்க.