மயிலிட்டியில் நிரப்பப்படாத படிவம்

காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே கரையோரமாகப் போனால் மயிலிட்டி. 1990 ஜூனில் இடம்பெயர்ந்த மக்களுக்கு, துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. 27 வருடங்கள் முகாமிலும் இரவல் காணியிலும் கழிந்தன.

கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு பற்றிக் கேட்டேன்.

"நான் பதியேல்லைத் தங்கச்சி. அவர் எங்கை எண்டு கேட்பினம். செத்திட்டார் எண்டு என்ரை கையால எப்பிடி எழுதுறது?"

பக்கத்தில் இருந்தவர், "வீட்டுத்திட்டத்தில கட்டின கல்வீட்டைப் பார்த்து எங்களை வசதியான ஆக்கள் எண்டு நினைப்பினம்" என்றார். இன்னொருவரின் பதிவு இன்னும் பழைய முகாம் இருந்த கிராம அலுவலர் பிரிவிலேயே கிடக்கிறது.

வறுமை இல்லாததால் அல்ல, இத்தகைய தயக்கங்களாலேயே பலர் ஒதுங்கி நிற்கிறார்கள்.

சகோதரிகளே, காணாமற்போனவரை இறந்தவர் என்று எழுதத் தேவையில்லை. அவர் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. அதைக் காட்டி நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அஸ்வெசும தெரிவில் வீடு மட்டுமல்ல, 22 விடயங்கள் பார்க்கப்படுகின்றன. பதிவை மாற்றுவதற்கும், அடுத்த விண்ணப்பம் எப்போது என்று அறிவதற்கும் கிராம அலுவலரையோ பிரதேச செயலகத்தையோ நாடுங்கள்.

தனியே போகத் தயக்கமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். இது பிச்சையல்ல, உங்கள் உரிமை.