வெள்ளிச் செருப்பும் கோதுமைக் கடனும்

காக்கை விரட்ட நிற்கும் சோளக்கொல்லை பொம்மைக்குப் பொருளாதாரம் தெரியுமா? தெரியும் என்று சொன்னார் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ஹென்றி லிட்டில்ஃபீல்டு. 1890-களின் நாணயத் தகராறைப் பாடமாக நடத்தினால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வரும். எனவே, 1900-இல் ஃபிராங்க் பாம் எழுதிய 'ஓஸ் மந்திரவாதி' சிறுவர் கதையை அதோடு முடிச்சுப் போட்டார். 1964-இல் கட்டுரையாகவும் வந்தது.

கதையின் டோரதி, கான்சாஸ் விவசாயி வீட்டுப் பெண். சூறாவளி அவளை வீட்டோடு தூக்கி ஓஸ் நாட்டில் போட்டுவிடுகிறது. ஊர் திரும்ப வழி தேடி மஞ்சள் செங்கல் சாலையில் நடக்கிறாள். மூளை வேண்டும் என்கிற வைக்கோல் பொம்மை, துருப்பிடித்து நின்ற தகர மனிதன், பயந்தாங்கொள்ளிச் சிங்கம் மூவரும் சேர்ந்துகொள்கிறார்கள். ஆசிரியரின் கணக்கில் பொம்மைதான் விவசாயி. தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. சிங்கம், 1896 அதிபர் தேர்தலில் வெள்ளிக்காக முழங்கித் தோற்ற பிரையன். மஞ்சள் சாலை தங்கம். டோரதி காலில் வெள்ளிச் செருப்பு.

எதற்கு இந்தத் தங்கமும் வெள்ளியும்? வெள்ளியைக் கொடுத்து டாலர் நாணயமாக அடித்து வாங்கும் உரிமையை 1873-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. விளைச்சல் பெருகிய வேகத்துக்குப் பணம் பெருகவில்லை; விலைகள் இறங்கிக்கொண்டே வந்தன. புதிய நிலங்களும் ரயிலும் கோதுமையைக் கொண்டுவந்து குவித்ததும் சேர்ந்துகொண்டது. 1880-களின் தொடக்கத்தில் ஒரு புஷல் கோதுமை, அதாவது சுமார் 27 கிலோ, ஒரு டாலரை ஒட்டி விற்றது. 1894-இல் அரை டாலர்தான். கடன் மட்டும் இறங்கவில்லை. ஆயிரம் டாலர் வாங்கியவர் அன்று ஆயிரம் புஷல் விற்று அசலை அடைத்திருக்கலாம். இப்போது இரண்டாயிரம் விற்க வேண்டும், வட்டி தனி. பத்திரத்தில் ஓர் எண்கூட மாறவில்லை. வெள்ளி நாணயம் திரும்பினால் பணம் பெருகும், விலை ஏறும் என்று உழவர்கள் கேட்டது இதனால்தான். மூளை இல்லாதவர்கள் போடும் கணக்கா இது? கதையிலும் நல்ல யோசனைகளை அந்தப் பொம்மைதான் சொல்கிறது!

பாம் இதையெல்லாம் நினைத்து எழுதினாரா? அதற்கு ஆதாரமில்லை. பிள்ளைகளை மகிழ்விக்கவே எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். லிட்டில்ஃபீல்டும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கிரிகரி மேன்கியூவின் கல்லூரிப் பாடநூல் வரை இந்தப் பொருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. 1939 திரைப்படக்காரர்களோ வண்ணம் எடுப்பாகத் தெரிவதற்காகச் செருப்பைச் சிவப்பாக்கிவிட்டார்கள். படம் மட்டும் பார்த்தவர்களுக்குக் கணக்கு பிடிபடாது.

வெள்ளி ஜெயிக்கவில்லை. கதை வெளியான 1900-லேயே தங்கம்தான் அடிப்படை என்று சட்டமானது. அதற்குள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து தங்கம் ஏராளமாக வர, விலைகள் ஏறத் தொடங்கியிருந்தன. கடனுக்கு நிலத்தை விட்ட கான்சாஸ்காரர்கள் அதற்கு முன்பே வண்டி கட்டிப் போய்விட்டார்கள்.