ஒரே சுவர்

சுங்கை சிப்புட்டில் மழை விட்ட சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஸ்டோர் பக்கமிருந்து கட்டிப்பால் நாற்றம் வரும். கூடவே யார் வீட்டிலோ கருவாடு பொரிகிற வாசனை. லயத்தின் கடைசி வீட்டில் மாமாவின் ஆர்மோனியம் தொடங்கிவிட்டால் மணி ஆறு. 1948-இல் மூன்று துரைமார் சுடப்பட்ட ஊர் என்று வரலாற்றுப் புத்தகங்களில் நம் ஊர் இருக்கிறது. எனக்கு அது அந்த ஆர்மோனியம் கேட்ட ஊர்.

விடியலில் பெரட்டுக்குப் போய் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கை, மாமாவின் கை. பெருவிரல் ஓரத்தில் பால்கறை கறுத்துக் கிடக்கும். "ஒரு கட்டையில ஆரம்பி, எல்லாம் வெள்ளை" என்பார். ச ரி க ம ப த நி. "மத்த வீட்டுக்கு நடுவுல கறுப்புச் சந்து இருக்கு. க-வுக்கும் ம-வுக்கும், நி-க்கும் மேல் ச-வுக்கும் ஒரே சுவர், நம்ம லயம் மாதிரி." ஐந்து கட்டையில் தொடங்கினால் நிஷாதத்துக்கு நாலரைக் கட்டைக் கறுப்பு வேண்டும். அந்தச் சுவரை அங்கேயும் கட்டத்தான்.

பிறகு ஒன்று விட்டு ஒன்றாக மூன்று கட்டை, ஒரே அமுக்கில். ச-க-ப சிரிக்கும். ம, ப இரண்டில் தொடங்கினாலும் சிரிப்புத்தான். ரி, க, த மூன்றும் கலங்கும். நி-யில் தொடங்கினால் நிற்க இடமில்லாமல் தவிக்கும். அடுத்த வீட்டு ஆயா வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். சிரிக்கிற மூன்றையும் வைத்து மாமா 'நெகாராகூ' வாசிப்பார். 1957-இல் நாட்டுக்குத் தேசிய கீதமாகப் போன நம் பேராக் மெட்டு அல்லவா!

இப்போது மகள் ஈப்போவில் பியானோ படிக்கிறாள். அவள் 'சி மேஜர்' என்று வாசிப்பது மாமாவின் சங்கராபரணம்தான், 29-ஆவது மேளம். பெருவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து நாலாவது கட்டையைப் பிடிக்கிறாள். சுத்தமான பெருவிரல். ஏசி அறையில் எந்த வாசனையும் இல்லை.

லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆர்மோனியம் என் வீட்டில் இருக்கிறது. நடு ஸ்தாயிக் காந்தாரம் மட்டும் பேசுவதில்லை. அதை விட்டுவிட்டு ச-ப அமுக்கினால் சிரிக்கிறதா, கலங்குகிறதா தெரியவில்லை. ரீடு மாற்றத் தெரிந்தவர் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.