காலி இடம்

நமீபியாவில் பதின்மூன்று நாட்கள். எட்டுப் பயணிகள், ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி. இதைப் பயணக் கட்டுரையாக எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. நம்மிடையே பயணக் கட்டுரை என்றால் என்ன சாப்பிட்டோம், எந்தக் கோபுரம் எத்தனை அடி, அந்த ஊர் ஜனங்கள் எவ்வளவு சிரித்த முகம் என்கிற ஜாபிதாதான். வாரப் பத்திரிகைகள் அந்தக் காரியத்தை எப்போதோ செய்து முடித்துவிட்டன. என்னை எழுத வைப்பது வேறோர் உறுத்தல். மணல், மௌனம், வெறுமை என்று இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களுமான நாம் சில பேர் பல காலமாகப் புழங்கிவரும் சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்தூலமான ஓர் இடமும் இருக்கிறது. அந்த இடம் எப்படி அப்படி ஆயிற்று என்பதுதான் விஷயம்.

தனியாகப் போக எனக்கு வசதியும் இல்லை, வயதும் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகள் பணம் கட்டிச் சேர்த்துவிட்டாள். 'சிறு குழு' என்பது இந்த ஏற்பாட்டாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சங்கதி. எல்லோருக்கும் ஜன்னல் ஓர இருக்கை. ஒருவருக்கொருவர் பெயர் தெரியும். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்குச் சூரியன் உதிப்பது எல்லாம் அச்சடித்த தாளில் இருக்கிறது. மௌனமும் அந்தத் தாளில் இருந்தது. மணற்குன்றின் உச்சியில் ஏறி உட்கார்ந்ததும் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இனி ஐந்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம், பாலைவனத்தைக் கேளுங்கள் என்றார். கேட்டோம். காற்று இருந்தது. ஒரு காமிரா இருமுறை சிணுங்கியது. ஐந்து நிமிஷம் முடிந்ததும் தண்ணீர் போத்தல்கள் திறந்தன.

கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பின்னால் தொந்தரவு செய்தது.

ஸெஸ்ரீம் என்கிற வாயிலில் சூரியோதயத்துக்காக வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. திறந்ததும் அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலை. பாலைவனத்தின் நடுவே, இரு பக்கமும் செம்மணல் குன்றுகளுடன். குன்றுகளில் மிகப் பிரசித்தமானதற்கு 'நாற்பத்தைந்து' என்று பெயர். வாயிலிலிருந்து நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மைல்கல்லின் எண்ணையே மலைக்குப் பெயராக வைத்தவனுக்கு அங்கே முன்னால் யாரும் இருந்ததாக நினைப்பு இருந்திருக்காது. சாலை முடிந்த பின் நாலைந்து கிலோமீட்டர் மணலில், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் மட்டும் போகும். பிறகு நடை. குன்றுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தட்டு ஒன்று, வறண்டு பாளம் பாளமாக வெடித்து. அதில் கறுத்த மரங்கள் நிற்கின்றன. நம்மூர் வேல மர ஜாதிதான். அங்கே ஒட்டகமுள் என்கிறார்கள். ட்ஸவ்சாப் ஆறு ஒரு காலத்தில் அங்கே வந்து தேங்கியிருக்கிறது. மணற்குன்று நகர்ந்து ஆற்றை அடைத்தது. மரங்கள் செத்தன. அது நடந்து அறுநூறு எழுநூறு வருஷங்கள் ஆகின்றன. இன்னும் கல்லாகவில்லை, மட்கவுமில்லை. மட்குவதற்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

நவீன கவிதைக்கென்றே யாரோ தயாரித்து வைத்ததுபோல் ஒரு காட்சி. இருபது வருஷங்களுக்கு முன் பார்த்திருந்தால் நானே ஐந்தாறு எழுதியிருப்பேன், எல்லாம் ஒன்றுபோல. செத்த மரங்களை எல்லோரும் படம் எடுத்தோம். படத்தில் இன்னொரு மனிதன் விழுந்துவிடாமல் ஒவ்வொருவரும் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தோம். கனடாவிலிருந்து வந்திருந்த அம்மாள், நான் ஓர் ஓரத்தில் நிற்கிறேன் என்று தன் படத்தை மூன்று தடவை திரும்ப எடுத்தாள். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டுதான்.

திரும்பும் வழியில் வழிகாட்டி ஒரு முள்புதரைக் காட்டினார். இலையே இல்லாத பச்சை முள். நாரா என்று பெயர். முலாம்பழம் போல் காய்க்கிறது. குய்ஸெப் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தொப்னார் ஜனங்களுக்கு இதுதான் பருவத்து ஆகாரம். விதையைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். வண்டு ஒன்றைப் பற்றியும் சொன்னார். அட்லாண்டிக் கரையோரத்துக் குளிர்ந்த நீரோட்டத்தால் பனிமூட்டம் எழுந்து பாலைவனத்துக்குள் வருகிற காலைகளில், குன்றின் முகட்டில் ஏறித் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். முதுகில் படியும் பனி வழிந்து வாய்க்கு வரும். வண்டைப் பற்றி எங்கள் குழு பத்துக் கேள்விகள் கேட்டது. தொப்னார் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டு சுவாரஸ்யமானதுதான், நானும் அதைப் பற்றித்தான் கேட்டேன்.

நம் பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறது. பாலை என்பதைத் தனி நிலமாக அது நினைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து அடையும் நிலைமை என்று சொல்லிற்று. அங்கே ஆள் உண்டு, வழி உண்டு, வழிப்பறி உண்டு, பிரிந்து போகிறவனுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் உண்டு. ஒன்றுமே இல்லாத இடம் என்கிற பாலைவனம் நமக்கு வேறெங்கிருந்தோ வந்தது. பைபிள், பிரெஞ்சுக் கவிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சினிமா என்று யாராவது வரிசைப்படுத்தலாம். எனக்கு அதில் சிரத்தை இல்லை.

ஸ்வாகோப்முண்ட் கடற்கரை நகரம். ஜெர்மன் பேக்கரிகள், ஜெர்மன் கூரைகள், ஆப்பிள் பலகாரம். அரை நாள் ஓய்வு என்று தாளில் போட்டிருந்தது. நகரின் நடுவில், 1904இல் தொடங்கிய போரில் இறந்த ஜெர்மன் கடற்படை வீரர்களுக்கு 1908இல் எழுப்பிய வெண்கலச் சின்னம் இருக்கிறது. அதே போரில் இறந்த ஹெரேரோக்களின் புதைமேடுகள் ஊர்க்கோடியில், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், பாலைவனம் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கின்றன. பெயர் கிடையாது. முழங்கால் உயரத்துக்கும் குறைவான மணல்மேடுகள், வரிசை வரிசையாக. நான் நடந்து போய்ப் பார்த்தேன். மணற்குன்றைப் பார்ப்பதற்குப் பழகியிருந்த கண்ணுக்கு அவை முதலில் தட்டுப்படவே இல்லை.

1904 ஆகஸ்டில் வாட்டர்பெர்க்கில் தோற்ற ஹெரேரோக்கள் கிழக்கே ஒமஹெகே வறட்சிக்குள் ஓடினார்கள். ஜெர்மன் படை அந்த விளிம்பில் இருந்த நீர்நிலைகளைக் காவல் வைத்து அடைத்தது. அக்டோபர் 2ஆம் தேதி தளபதி வோன் ட்ரோதா, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஆயுதத்தோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடப்படுவான் என்று உத்தரவு போட்டான். பாலைவனம் அங்கே ஓர் ஆயுதமாகப் பயன்பட்டது. மிஞ்சியவர்களும், பின்னால் எதிர்த்த நாமாக்களும் முகாம்களுக்குப் போனார்கள். லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவு முகாம் மிகக் கொடியது. குளிரிலும் பசியிலும் வேலையிலும் செத்தார்கள். ஹெரேரோக்களில் பெரும்பகுதியும், நாமாக்களில் ஏறக்குறைய பாதியும் 1908க்குள் இல்லை. ஜெர்மனி 2021இல் இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. இழப்பீடு என்கிற வார்த்தையை மட்டும் கவனமாகத் தவிர்த்தது. லூடரிட்ஸ் எங்கள் பாதையில் இல்லை.

ட்வைஃபெல்ஃபொன்டெய்னில் பாறைச் செதுக்கல்கள் பார்த்தோம். சிங்கத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் ஐந்து விரல்கள். நாற்பது நிமிஷம் தந்தார்கள். பிறகு ஈட்டோஷா.

ஈட்டோஷாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். சுமார் 22,000 சதுரக் கிலோமீட்டர் பூங்கா. நடுவே ஏறக்குறைய 4,800 சதுரக் கிலோமீட்டர் வெள்ளை உப்புத் தரை. யானை, சிங்கம், வரிக்குதிரை, மான் கூட்டங்கள். இதை மிருகங்களுக்கென்று ஒதுக்கி ஆணை பிறப்பித்தவர் ஜெர்மன் கவர்னர் ஃப்ரீட்ரிஷ் வோன் லிண்டெக்விஸ்ட். ஆண்டு 1907, மார்ச். சுறாத் தீவு முகாம் அவருடைய நிர்வாகத்தின் கீழ் நடந்துகொண்டிருந்ததும், மூடப்பட்டதும் அதே காலம்தான். ஒரே மேஜை, ஒரே முத்திரை, ஒரே மைக்கூடு என்று எழுதத் தோன்றுகிறது. மைக்கூட்டை நான் பார்த்ததில்லை, விட்டுவிடலாம்.

பூங்காவுக்குள் ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள். ஹாயோம் என்பவர்கள். அந்தப் பெயரின் நடுவில் ஓர் ஒலி இருக்கிறது. நம் எழுத்தில் அதற்கு வழி இல்லை. வண்டிமாட்டை ஓட்டுகிறவன் கடைவாயில் எழுப்புகிற ஒலி. அனுதாபத்துக்கு நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அதுவும் அவர்களுக்கு ஓர் எழுத்து. நம்மிடம் அந்த ஒலிகள் மாட்டோடும் துக்கத்தோடும் நின்றுவிட்டன. அவர்கள் அவற்றை வைத்துப் பெயர் சொன்னார்கள், கதை சொன்னார்கள். மிருகங்களோடு மிருகமாக எண்ணி முதலில் அவர்களை உள்ளேயே விட்டுவைத்தார்கள். வில் அம்போடு வேட்டையாட ஓரளவு அனுமதி இருந்தது. 1949இல், தென்னாப்பிரிக்க ஆட்சியில், புதர்வாசிகளைப் பாதுகாப்பதற்கென்று ஒரு கமிஷன் அமைந்தது. அதன் தலைவர் பி. ஜே. ஸ்கூமன். மானுடவியல் படித்தவர், வனக்காப்பாளர், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எழுத்தாளர். பாலைநில வேட்டைக்காரர்களைப் பற்றி வாஞ்சையோடு புத்தகம் எழுதியவர். ஹாயோம் ஜனங்களை ஈட்டோஷாவிலிருந்து அப்புறப்படுத்தலாம் என்பது அவருடைய கமிஷனின் சிபாரிசு. 1954இல் அப்புறப்படுத்தினார்கள். வெள்ளையர் பண்ணைகளுக்குக் கூலியாகப் போனவர்கள் பலர். பூங்கா விடுதிகளில் வேலை கிடைத்தவர்கள் மட்டும் தங்கினார்கள்.

இந்த மனிதனைப் பற்றித்தான் நான் நம் வட்டத்தோடு பேச விரும்புகிறேன். அவருடைய வாஞ்சையைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பொய்யாக இருந்திருந்தால் விஷயம் சுலபம். அந்த ஜனங்களின் மௌனம், சுவடு பார்க்கும் கூர்மை, நட்சத்திரங்களோடு அவர்களுக்கிருந்த உறவு எல்லாம் அவருடைய எழுத்துக்குத் தேவைப்பட்டன. எழுதி முடித்த பிறகு அவர்கள் அங்கே இருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. எழுதப்பட்டது பத்திரமாக இருக்கிறது அல்லவா? கனடா அம்மாள் மூன்றாம் முறை எடுத்த படத்தில் மரங்கள் மட்டும் மிக அழகாக விழுந்திருந்தன. எனக்கும் அதன் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மேஜைமேல்தான் இருக்கிறது.

ஆள் போன பிறகு வேலி வந்தது. 1973இல் முழுமையடைந்தது. வேலி போட்டால் மிருகங்கள் தண்ணீருக்காகத் தொலைவு போக முடியாது. எனவே குழாய்க்கிணறுகள், பம்புகள். நாங்கள் மூச்சடக்கிப் பார்த்த நீர்நிலைகளில் பலவற்றில் நிற்பது இப்படி இறைத்த தண்ணீர். ஒகௌகுயெயோ விடுதியின் நீர்நிலைக்கு இரவு முழுக்க மஞ்சள் விளக்கு. தாழ்ந்த சுவருக்கு இப்பால் பெஞ்சுகள். காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்து குடித்தது. நூறு பேர் இருந்திருப்போம். ஒரு தும்மல் இல்லை. கோயிலில்கூட நம் ஜனங்கள் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அங்கேதான் வழிகாட்டியிடம் கேட்டேன். ஹாயோம் பற்றித் தாளில் ஒன்றும் இல்லையே என்றேன். அவர் விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "என் அம்மாவின் அம்மா இதற்குள்தான் பிறந்தாள், ஸார்" என்றார். எந்த நீர்நிலை என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். கடைவாய் ஒலியோடு ஆரம்பித்தது. வரைபடத்தில் அதற்கு என்ன பெயர் என்றேன். நாளைக் காலை அங்கேதான் போகிறோம், யானை வரும் என்றார். 2015இல் அவருடைய ஜனங்களில் சிலர் ஈட்டோஷா மீது தங்களுக்குள்ள உரிமைக்காக வழக்குப் போட்டார்கள். எல்லோர் சார்பிலும் வழக்காட அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டபோது, "வேலையில் இருக்கிறேன், ஸார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

காலையில் யானை வந்தது. அவர் எல்லோருக்கும் அதன் வயது, தந்தத்தின் தேய்மானம், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்பதைச் சொன்னார். வரைபடத்துப் பெயரைத்தான் சொன்னார். நான் மற்றப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், எனக்குள்ளாக. நாக்கு வரவில்லை.

வெளியேறியது கிழக்கு வாயில் வழியாக. பலகையில் வோன் லிண்டெக்விஸ்ட் வாயில் என்று எழுதியிருந்தது. வடக்கே இன்னொரு வாயில் உண்டு. 1904 ஜனவரியில் நமுதோனிக் கோட்டையைத் தாக்கிய ந்தோங்கா அரசர் நெஹாலேயின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் நாட்டின் ஜனங்களில் பாதிக்கு மேல் வசிக்கிறார்கள். சுற்றுலா அந்தப் பக்கம் போவதில்லை. காவல்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, இறைச்சி ஏதும் கொண்டுபோகிறோமா என்று விசாரித்தார். பிறகு அவரும் வழிகாட்டியும் தங்கள் பாஷையில் சற்று நேரம் பேசிச் சிரித்தார்கள். ஒலிகள் நாலா பக்கமும் சொடுக்கின. என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கனடா அம்மாள் ஆவலாகக் கேட்டாள். "மழை பற்றி, மேடம்" என்றார் அவர்.