எப்போது நிற்கிறது?



ஆண்டு நடுப் பள்ளி விடுமுறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு போராடிய கதையை இன்று எழுதுகிறேன். மோட்டாருக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள், இறுதியில் பள்ளிக்குத்தான் வந்து சேரப் போகிறேன்.

என் தந்தையார் செனாவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் எங்களுக்கு விட்டுச் சென்ற பொருள்களுள் இன்றும் அசைந்து கொண்டிருப்பது அவருடைய ஹோண்டா சி70 ஒன்றுதான். ‘என்’ எழுத்தில் தொடங்கும் நெகிரி செம்பிலான் எண்பலகை. பால் வாளிகளைக் கட்டிக் கட்டித் தேய்ந்த பின்னிருக்கைக் கம்பி. 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி இது. அந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் ‘கப்சாய்’ என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தோட்டம் இன்று இல்லை. மரங்கள் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் தாமான் வீடுகளும் நிற்கின்றன. வண்டி மட்டும் எங்கள் வீட்டு முன்புறத்தில் இருக்கிறது. வாரத்திற்கு ஒருமுறை அதை ஓட்டுவது என் வழக்கம்.

சில மாதங்களாக அது ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. காலையில் ஒரே உதையில் உயிர் பெறும். கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்று போகும். அதன்பின் எத்தனை உதை உதைத்தாலும் அசையாது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால், ஒன்றுமே நடவாதது போல் மீண்டும் ஓடும்.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியங்களை எல்லாம் செய்தேன். பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் தொட்டியைத் துடைத்தேன். புதிய காயில் வாங்கிப் பூட்டினேன். பணம் போனதுதான் மிச்சம். ‘இதற்கு வயதாகிவிட்டது, இனி ஓடாது’ என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன். பழைய இரும்புக்குப் போட மனம் வராமல், தோட்டத்துப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

நான் மாற்றிய உதிரிப் பாகங்களின் பட்டியலை ஒப்புவித்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி வாத்தியாரே, எப்ப நிக்குது?” என்றார்.

“ஓட மாட்டேன் என்கிறது, அண்ணே.”

“ஏன் ஓடலன்னு நான் பார்த்துக்கிறேன். எப்ப நிக்குதுன்னு நீங்க சொல்லுங்க.”

சூடேறிய பிறகு நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். இடப்பக்க மூடியைக் கழற்றி, காந்தச் சக்கரத்தின் துளை வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். ஒருவாறு வண்டியைக் கிளப்பி ஓடவிட்டோம். சூடேறச் சூடேற, உள்ளே பாயிண்ட் திறக்கும் இடத்தில் நீல நிறத்தில் பொறி பறப்பது தெரிந்தது. “அங்க அடிக்கக் கூடாத நெருப்பு அது. கண்டென்சர் போச்சு,” என்றார்.

அதன் வேலையை மாணவருக்குச் சொல்வது போல் இங்கே சொல்லிவிடுகிறேன். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது பாயிண்ட் ஒருமுறை திறக்கும். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை. அது திறக்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி விழும். ஆனால் அறுபடும் மின்னோட்டம், திறக்கும் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைத் தன்னுள் வாங்கித் தடுப்பதுதான் கண்டென்சரின் கடமை. விரல் நுனி அளவே உள்ள ஓர் உலோகக் குப்பி அது. அதனுள் இருக்கும் காப்பு பழுதடைந்தால், குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கும், சூடேறியதும் கசியும். பிளக்குக்குப் போக வேண்டிய வலிமை பாயிண்டிலேயே எரிந்து வீணாகும்.

சக்கரத்தைக் கழற்றி, பழைய கண்டென்சரை நீக்கி, புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கருகிய பாயிண்டையும் மாற்றி, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினார். கண்டென்சரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூட வராது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு சிரம்பான் வரை போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை.

திரும்பும் வழியில்தான் என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

ஐந்தாம் ஆண்டு மாணவன். கணிதத்தில் பின்தங்கியவன். ஓய்வு நேரம் முடிந்து நடக்கும் பாடங்களில் மேசை மீது தலை கவிழ்த்து விடுவான். அறிவுரை சொன்னேன், கண்டித்தேன், முன்வரிசைக்கு மாற்றினேன், கூடுதல் பயிற்சித் தாள் கொடுத்தேன். விடுமுறைக்கு முன் அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘முயற்சி போதாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிளக், கார்புரேட்டர், காயில், கடைசியில் ‘இனி ஓடாது’. அதே வரிசைதான்.

பள்ளி திறந்ததும் அவனுடைய நோட்டுப் புத்தகங்களை வாங்கித் தேதி வாரியாகப் புரட்டினேன். முதல் பாடவேளைகளில் எழுதியவை முழுமையாக இருந்தன. ஓய்வுக்குப் பிந்திய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதுவும் எல்லா நாளும் இல்லை. ஒரு வாரம் நிறைவு, மறுவாரம் வெறுமை. பெரும்பாலும் அப்படியே மாறி மாறி வந்தது. இத்தனை மாதங்களாக நான் திருத்திய பக்கங்கள்தாம் அவை. சிவப்பு மையில் ‘முடிக்கவும்’ என்று நானே எழுதியிருக்கிறேன். தேதியை மட்டும் பார்த்ததில்லை.

அவன் தாயாரை அழைத்தேன். அறிக்கையைப் பற்றிப் பேசத்தான் அழைக்கிறேன் என்று எண்ணி, தயங்கித் தயங்கி வந்தார். தொழிற்பேட்டையில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கணவர் இல்லை. இரவு வேலை வாரங்களில் இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். குழந்தை அழுதால் பால் கலக்கிக் கொடுத்து, தட்டித் தூங்க வைத்து, விடியும்போது சீருடை அணிந்து பள்ளிக்கு வந்துவிடுவான்.

“சார், வேலைய விட்டா வாடகைக்கு என்ன செய்யறது? யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொல்லி வச்சேன்,” என்று அழுதார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முயற்சி போதாதவன் யார் என்பது அந்த மேசைக்கு இரு பக்கமும் தெரிந்துவிட்டது. “மன்னியுங்கள் அம்மா, நான் கேட்டிருக்க வேண்டும்,” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவர் இரவு வேலை வாரங்களில் வந்து படுத்துக்கொள்ள இசைந்தார். சக ஆசிரியை ஒருவரோடு பாடவேளையை மாற்றிக்கொண்டு, கணிதத்தைக் காலை முதல் பாடமாக வைத்தேன். அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. பாட்டிக்கு உடல்நலம் இல்லாத இரவுகளும் உண்டு; மறுநாள் அவன் கண் சிவந்தே வருகிறான். ஆனால் அன்று அவன் ஏன் தூங்குகிறான் என்று எனக்குத் தெரியும். வெறும் பக்கங்கள் குறைந்திருக்கின்றன. நான் எழுதிய அந்த இரண்டு சொற்கள் மட்டும் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. அவற்றை மாற்றி எழுத வழியில்லை.

பால்மரம் வெட்டுவோர் இருள் பிரியுமுன் மரத்தடிக்குப் போவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பால் குறைந்ததற்காக மரத்தை யாரும் திட்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் வகுப்பறையில் அதை மறந்துவிடுகிறோம்.

ஆசிரிய நண்பர்களே, ‘ஏன் படிக்கவில்லை’ என்று கேட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்பான். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ‘எப்போது நிற்கிறது’ என்று பாருங்கள். பெற்றோர்களே, வீட்டுச் சிரமத்தை ஆசிரியரிடம் சொல்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை. சொன்னால் எங்கள் தவறு ஒன்று குறையும்.

பழைய கண்டென்சரை நான் எறியவில்லை. சிவப்புப் பேனா வைக்கும் குவளையில் போட்டு வைத்திருக்கிறேன்.